இரண்டு மிளகு

ஜனவரியில் வரும் பெட்டியை
வந்த உடனே திறக்கக்கூடாது.
கிம்லியில் இன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
உறைந்த பீங்கானில் வீட்டுச் சூடு சட்டென்று பட்டால்
பழைய மெருகில் மயிரிழை ஓடிவிடும்.
பூட்ஸுகள் உலரும் மூலையில் அதை ஆறு மணி நேரம்
இருக்கவிட்டு நான் சூப் வைத்தேன்.
பாதிச் சூப்பில் எழுந்து போய்
ஒருமுறை, ஒரே ஒருமுறை,
குலுக்கினேன்.

பேசியது.

நல்ல பெட்டி பேசாது. எனக்குத் தெரியும்.
வினிபெக் தபால் கிடங்கில்
இருபத்தொன்பது வருடம் இரவு வேலை.
'உடையும்' என்று சிவப்பில் எழுதியதைத்தான்
இன்னும் கொஞ்சம் உயரமாக எறிவோம்
(ஓரெஸ்ட் குலிக் தொடங்கிவைத்த பந்தயம் அது,
ஆறு மீட்டரிலிருந்து, கூண்டு வண்டிக்குள்.
நானும் எறிந்திருக்கிறேன். குறி தப்பாது எனக்கு.)
பெட்டிக்குள் யாராவது இருப்பார்கள் என்று
அப்போது தோன்றியதில்லை.

இதற்குள் இருக்க வேண்டியவர்கள்
ஒரு டச்சுப் பையன், ஒரு டச்சுப் பெண்.
விரல் உயரம். அவன் உப்பு, அவள் மிளகு.
இருவரும் முன்னால் சாய்ந்து உதடு குவித்திருப்பார்கள்.
நெருக்கி வைத்தால் முத்தம்.
தள்ளி வைத்தால்
ஆளுக்கொரு கோப்பைக் காப்பியை
ஊதி ஆற்றுகிற மாதிரி இருக்கும்.

நவம்பரில் ரெஜைனாக்காரர் ஒருவர் அனுப்பிய ஜோடியில்
பையன் மாவாக வந்தான்.
வெளியே டேப்பைப் பதினான்கு சுற்று சுற்றியவர்
உள்ளே வைத்தது ஒரு டயர் கடை விளம்பரத்தாள்.
மிளகு மட்டும் பிழைத்தாள்.
அவளுக்குத் துணை தேடித்தான்
இந்த இரண்டாவது ஜோடி:
லூனன்பர்க், எட்னா ஸ்விக்கர், இருபத்திரண்டு டாலர்.

இரவு எட்டு மணிக்குத் திறந்தேன்.
சீரியல் அட்டைப்பெட்டி. அதற்குள்
ஒரு சாம்பல்நிறக் கம்பளிக் காலுறை,
ஆண்பிள்ளை அளவு, குதிகாலில் பச்சை நூல் தையல்.
அதற்குள் இருவரும். கூடவே ஒரு சீட்டு:
'ஐம்பத்தெட்டு வருடம் ஒரே அலமாரி.
பிரிக்க மனம் வரவில்லை.
ஒன்றாகவே வைத்திருக்கிறேன்.'

முகத்தோடு முகம்.
மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்,
நியூ பிரன்ஸ்விக் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முத்தம்,
கிடங்கில் எவனோ ஒருவனின் பந்தயத்துக்குப்
பெரிதாய் ஒன்று.
பையனுக்கு மூக்குக்கு மேலே எதுவும் இல்லை.
உதடு அப்படியே இருக்கிறது.
பெண்ணுக்குத் தொப்பி நுனியில் ஒரு கடுகளவு.

கோபத்தில் நீளமாக எழுதினேன்.
தனித்தனியாகச் சுற்ற வேண்டும், அம்மா.
இடையில் இரண்டு விரல் வெற்றிடம் வேண்டும்.
பெட்டிக்குள் பெட்டி வேண்டும்.
ஒட்டி இருப்பவைதான் முதலில் உடைகின்றன.
கடைசி வரியை அழித்தேன்,
மீண்டும் எழுதினேன், அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் பணம் திரும்பி வந்தது.
மன்னிப்பு ஒரு வரி. பிறகு ஒரு கேள்வி:
காலுறை நன்றாக இருக்கிறதா?
மற்றது இங்கே இருக்கிறது.
யோசிக்காமல் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் என்னிடமிருந்த குமிழ்ப் பிளாஸ்டிக்கை எல்லாம் எடுத்தேன்.
காலுறையை மடிக்காமல் நீட்டி,
மெல்லிய தாளில் சுற்றி,
சின்னப் பெட்டியில் இட்டு, அதைப் பெரிய பெட்டியில் இறக்கி,
நான்கு பக்கமும் இரண்டு விரல் விட்டு நிரப்பினேன்.
குலுக்கினேன். மூச்சு இல்லை.

ஜன்னல் விளிம்பில் இப்போது
இரண்டு மிளகுப் பெண்கள்
உறைந்த ஏரியைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கிறார்கள்.
உப்பு டப்பாவிலேயே இருக்கட்டும்.

தபால் கவுண்டரில் புதுப் பையன்.
பெட்டியின் கனமின்மையைக் கையில் நிறுத்துப் பார்த்துவிட்டு
சிவப்புப் பேனாவை எடுத்தான்.
உடையுமா, எழுதவா என்றான்.

வேண்டாம் என்றேன்.
எழுதினால்
உயரமாக எறிவார்கள்.